பிக்சல் என்பது எண்ணிக்கை, நீளம் அன்று
வாசகர் கேள்வி – பதில்: செயலி உருவாக்கம்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திரையின் அளவையும் அடர்த்தியையும் பற்றியே இருந்ததால், அவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன். மற்றவை அடுத்த இதழில் இடம்பெறும்.

மன்னார்குடியிலிருந்து இறுதியாண்டுக் கணினி அறிவியல் மாணவி ஒருவர்:

ஐயா, நெல் அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு முன்பதிவு செய்யும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைக் கல்லூரிச் செயல்திட்டமாக எழுதியிருக்கிறேன். 'பதிவு செய்' என்ற பொத்தானுக்கு 120 பிக்சல் உயரம் கொடுத்தேன். என் கைபேசியில் அது அளவாக இருக்கிறது. தோழியின் கைபேசியிலோ சிறுத்துவிட்டது. இயந்திரம் வைத்திருக்கும் என் மாமாவின் பழைய டேப்லட்டில் பூதாகரமாகத் தெரிகிறது. எங்கள் இருவர் கைபேசிகளும் 6.5 அங்குலம்தான். ஒரே எண் மூன்று இடங்களில் மூன்று அளவாவது எப்படி?

பதில்: 120 என்று நீங்கள் எழுதியது அளவு அன்று, எண்ணிக்கை. திரையில் 120 புள்ளிகளை அடுக்கு என்று சொன்னீர்கள்; ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் சொல்லவில்லை, அதை அந்தந்தத் திரை முடிவு செய்துகொண்டது.

நம் பகுதியில் இன்றும் நிலத்தை மா, வேலி என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆனால் குழி என்பது ஒரு சதுரக் கோல். கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்றெல்லாம் வருவதைப் பார்க்கலாம். நூறு குழி என்று மட்டும் எழுதினால் அது எவ்வளவு நிலம் என்று எவருக்கும் தெரியாது. எந்தக் கோலால் அளந்தது என்பதும் உடன் வர வேண்டும். உங்கள் 120-க்கு அந்தக் கோல்தான் இல்லை.

நீங்கள் தந்துள்ள விவரங்களை வைத்தே கணக்கிடுவோம். உங்கள் கைபேசியின் திரை 720 × 1600 பிக்சல், மூலைவிட்டம் 6.5 அங்குலம். இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 1755 பிக்சல் வரும்; அதை 6.5-ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு 270 பிக்சல். தோழியின் திரை 1080 × 2400. அதே கணக்கில் அங்குலத்துக்கு 405. மாமாவின் டேப்லட் 10.1 அங்குலத்தில் 1280 × 800. அங்குலத்துக்கு 149 மட்டுமே. எனவே உங்கள் 120 பிக்சல் உங்கள் கையில் 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், தோழியின் கையில் 7.5 மில்லிமீட்டர், மாமாவின் கையில் 20 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் குறித்த அளவுகோல் ஒன்றை எடுத்துத் திரையின் மேல் வைத்துப் பாருங்கள். கணக்கும் அளவுகோலும் ஒத்துப்போவதைக் காண்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இதற்காகத்தான் ஆண்ட்ராய்டில் டிபி என்ற அலகு வைக்கப்பட்டிருக்கிறது. அங்குலத்துக்கு 160 புள்ளி அடர்த்தி கொண்ட திரையில் ஒரு டிபி ஒரு பிக்சலுக்குச் சமம். மற்றத் திரைகளில், டிபியை அத்திரையின் அடர்த்தியால் பெருக்கி 160-ஆல் வகுத்தால் பிக்சல் கிடைக்கும். அடர்த்தி 240 என்றால் ஒன்றரை மடங்கு, 320 என்றால் இரண்டு, 480 என்றால் மூன்று, 640 என்றால் நான்கு. எம்டிபிஐ, எச்டிபிஐ, எக்ஸ்எச்டிபிஐ, எக்ஸ்எக்ஸ்எச்டிபிஐ, எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எச்டிபிஐ என்று நாக்கைச் சுழற்றும் பெயர்கள் 160-இல் தொடங்கும் இந்த ஐந்து படிகளைத்தான் குறிக்கின்றன.

உங்கள் கைபேசி தன்னை 320 என்று அறிவித்துக்கொள்வதால் உங்கள் பொத்தான் உண்மையில் 60 டிபி. அதையே 60 டிபி என்று எழுதியிருந்தால், 480 என்று அறிவிக்கும் தோழியின் கைபேசியில் 180 பிக்சலாகி, அங்கும் 11 மில்லிமீட்டராகவே நின்றிருக்கும். மாமாவின் டேப்லட்டில் 60 பிக்சலாகி 10 மில்லிமீட்டர் ஆகியிருக்கும்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: அங்குலத்துக்கு 270 என்று கணக்கிட்டுவிட்டு, கைபேசி 320 என்று அறிவிப்பதாகச் சொல்கிறீர்களே? ஆம், இரண்டும் வேறு. உண்மையான அடர்த்தி கண்ணாடியில் இருப்பது. அறிவிக்கும் அடர்த்தி தயாரிப்பாளர் தேர்ந்தெடுப்பது. 720-ஐ இரண்டால் வகுத்தால் 360 டிபி அகலம் கிடைக்கிறது. கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் அந்த அகலத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுவதால் அது தயாரிப்பாளருக்கு வசதி. தோழியின் 1080-ஐ மூன்றால் வகுத்தாலும் அதே 360. சில தயாரிப்பாளர்கள் அதே திரைக்கு 420 என்று வைப்பார்கள். அப்போது அகலம் ஏறத்தாழ 411 டிபி ஆகிவிடும். ஆகவே டிபியை மில்லிமீட்டர் என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும் என்ற உறுதிமொழி அது, அவ்வளவே. போதாக்குறைக்கு, 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனரே அமைப்புகளுக்குள் சென்று காட்சி அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அவர் அந்தப் பட்டையை நகர்த்தும்போது மாறுவது இந்த அறிவிக்கப்பட்ட அடர்த்திதான். 360 என்ற எண்ணைச் செயலியில் எங்கும் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடும் பொத்தான்களுக்குக் குறைந்தது 48 டிபி என்பது கூகுளின் பரிந்துரை. உங்கள் கைபேசியில் அது 96 பிக்சல், அதாவது 9 மில்லிமீட்டர். உங்கள் செயலியைப் பயன்படுத்தப்போகிறவர் குறுவை அறுவடை நேரத்தில், வெயிலில், வரப்பில் நின்றபடி, சேறு காய்ந்த கட்டைவிரலால் அழுத்தப்போகிறார். நான் 48-இல் நிற்க மாட்டேன். உங்கள் 60 டிபி சரியான அளவுதான், அதைப் பிக்சலில் எழுதியதுதான் தவறு.

சோதித்துப் பார்க்கப் பத்துக் கைபேசிகள் தேவையில்லை. அமைப்புகளில் 'பில்டு எண்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும்; அங்கே 'மிகச் சிறிய அகலம்' என்பதை 320, 360, 411, 600 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். மாற்றும் முன் பழைய எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் மாற்றிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியவன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பாத்திரக்கடை உரிமையாளர்:

எங்கள் கடைக்கென ஒரு செயலி செய்து வாங்கினோம். குத்துவிளக்குப் படங்கள் எல்லாம் தெளிவாக எடுத்துக் கொடுத்தவைதான். ஆனால் சில கைபேசிகளில் செயலி திணறுகிறது, படங்களை நகர்த்தும்போது மூடிக்கொள்கிறது. முகப்பில் உள்ள எங்கள் சின்னமோ மங்கலாக இருக்கிறது. படக் கோப்பு ஒவ்வொன்றும் 300 கேபிதான் என்று செய்து கொடுத்தவர் சொல்கிறார். குறை எங்கே?

பதில்: கோப்பின் எடை வேறு, திரையில் விரிக்கும்போது அது பிடிக்கும் இடம் வேறு. சுருட்டி வைத்த பாயை வைத்துக் கூடத்தில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்ல முடியாதல்லவா. 1600 × 1600 பிக்சல் படம் ஒன்றில் 25,60,000 பிக்சல்கள் இருக்கின்றன. வழக்கமான முறையில் ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் அது நினைவகத்தில் 1,02,40,000 பைட் எடுத்துக்கொள்ளும். கோப்பு 300 கேபியாக இருந்தாலும் 3000 கேபியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் செயலியைச் செய்தவர், படங்களை அடர்த்திப் பெயர் எதுவும் இல்லாத வெறும் டிராயபிள் கோப்புறையில் போட்டிருக்கிறார் என்று நீங்கள் அனுப்பிய விவரங்களிலிருந்து தெரிகிறது. அப்படிப் போட்டால், 'இது 160 அடர்த்தித் திரைக்கு வரைந்த படம்' என்று ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும். பிறகு 480 அடர்த்திக் கைபேசியில், கேட்காமலேயே நீளத்திலும் அகலத்திலும் மும்மடங்காக்கி 4800 × 4800 ஆக விரிக்கும். நினைவகத் தேவை ஒன்பது மடங்காகி 9,21,60,000 பைட் ஆகிவிடும். ஒரு விளக்குக்கு இவ்வளவு என்றால், பத்து விளக்குகளை அடுத்தடுத்து நகர்த்தும்போது செயலி மூடிக்கொள்வதில் வியப்பில்லை. கூடுதல் தெளிவாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இல்லாத புள்ளிகளை இடையிடையே இட்டு நிரப்பியதுதான்.

நிழற்படங்களை நோடிபிஐ என்ற பெயருள்ள கோப்புறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அதிலுள்ளவற்றை ஆண்ட்ராய்டு பெரிதாக்காது. அதைவிட நல்லது, படங்களைச் செயலிக்குள் வைக்காமல் இணையத்திலிருந்து பெற்று, கிளைட் அல்லது காயில் போன்ற நிரல் நூலகம் ஒன்றின் வழியாக, காட்டவேண்டிய பெட்டியின் அளவுக்கே குறைத்து ஏற்றுவது. பண்டங்களின் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும் கடைக்கு இதுதான் ஏற்றது.

சின்னம் மங்குவதற்குக் காரணம் நேர் எதிரானது. செயலிச் சின்னம் 48 டிபி. ஐந்து படிகளுக்கும் முறையே 48, 72, 96, 144, 192 பிக்சலில் மிப்மேப் கோப்புறைகளில் இருக்க வேண்டும். உங்களுடையதில் 48 மட்டுமே இருக்கிறது, அதையே இழுத்து இழுத்துக் காட்டுகிறது. பெரியதைச் சிறிதாக்கினால் பெரும்பாலும் பழுதில்லை. சிறியதைப் பெரிதாக்கினால் ஓரம் பிசிறும். குத்துவிளக்கின் கோட்டோவியமாக இருக்கும் உங்கள் சின்னத்தை வெக்டாராகவே வைத்துக்கொள்ளலாம். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் அதற்கு நேரடி ஆதரவு உண்டு. புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் விவரமாக இருப்பதால் எந்த அடர்த்தியிலும் அது கூர்மை குறையாது. நிழற்படத்தை மட்டும் வெக்டாராக்க முயல வேண்டாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தேங்காய் மண்டிக்காரர்:

வரவு, பற்று எழுத நானே ஓய்வு நேரத்தில் கற்றுக்கொண்டு ஒரு சிறு செயலி எழுதினேன். அப்பா கைபேசியில் எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருக்கிறார். அவருடையதில் எழுத்துகளின் தலை வெட்டுப்படுகிறது. எழுத்தளவை எஸ்பியிலிருந்து டிபிக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். எஸ்பி என்பது டிபியேதான், ஆனால் பயனர் தன் கைபேசியில் தேர்ந்தெடுத்த எழுத்தளவால் பெருக்கப்பட்டது. டிபிக்கு மாற்றினால் எழுத்து வெட்டுப்படாது என்பது உண்மை. அப்பாவால் படிக்கவும் முடியாது. அவர் கண்ணுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை உங்கள் செயலி மதிக்க மறுக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

குறை எழுத்தில் இல்லை, அதை அடைத்த பெட்டியில் இருக்கிறது. வரியின் உயரத்தை 24 டிபி என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள். எழுத்து வளர்கிறது, பெட்டி வளரவில்லை. உயரத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியும்படி விட்டுவிட்டு, குறைந்தபட்ச உயரம் மட்டும் 48 டிபி என்று கொடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிடக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்பைப் (ஸ்கிரீன்ஷாட்) பெரிதாக்கிப் பார்த்தேன்: 'பற்று' என்ற சொல்லில் முதல் றகரத்தின் மேலுள்ள புள்ளி போய், 'பறறு' என்று நிற்கிறது. ஆங்கில எழுத்தின் தலையில் ஒரு பிக்சல் போனால் அழகு போகும். நமக்கு மெய்யெழுத்தே உயிர்மெய்யாகிவிடும். ஈகார விசிறியும் கீழே இறங்கும் ஊகாரக் கால்களும் இப்படித்தான் வெட்டுப்படும். எழுத்துருவின் மேல் கீழ் இடைவெளியை நீக்கும் அமைப்பை எங்கேனும் இட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வடிவமைப்பாளர்கள் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துவிட்டு அதை இடச் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்புகள் சிறிய எழுத்துகளின் அளவுக்கு அதில் வளர்வதில்லை. ஆகவே எஸ்பியை நீங்களே ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிடாமல், மாற்றும் வேலையை இயங்குதளத்திடமே விட்டுவிடுங்கள். 200-இல் வைத்து உங்கள் செயலியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து, அச்சகத்தில் பணிபுரியும் வடிவமைப்பாளர் ஒருவர்:

திருமண அழைப்பிதழ்களை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அமைத்துப் பழகியவன் நான். செயலிக்கான படங்களையும் 300 டிபிஐயில் சேமித்துக் கொடுத்தால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. படக் கோப்பில் எழுதிவைக்கும் அந்த 300, அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. 600 பிக்சல் அகலப் படத்தை 72 என்று சேமித்தாலும் 300 என்று சேமித்தாலும் திரைக்கு அது 600 பிக்சல்தான். செயலி எழுதுபவரிடம் எத்தனை டிபி இடத்தில் படம் வரும் என்று கேளுங்கள். அதை நான்கால் பெருக்கி, அத்தனை பிக்சலில் ஒரு மூலப் படம் வைத்துக்கொண்டால் எல்லாப் படிகளுக்கும் அதிலிருந்தே எடுக்கலாம். இன்னொன்று: தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் எல்லார் வீட்டுக்கும் ஒரு சென்டிமீட்டராகவே போய்ச் சேரும் தொழிலிலிருந்து வருகிறீர்கள். திரையில் அந்த உறுதி இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் பிடிக்கும்.

சுவாமிமலையிலிருந்து ஒரு வாசகர்:

எங்கள் ஊரில் சிற்பிகள் தென்னங்கீற்றை ஒடியோலையாக மடித்துச் சிலைக்கு அளவு எடுப்பார்கள். டிபி என்பதும் அதே முறைதானா?

பதில்: நல்ல கேள்வி, விடை 'இல்லை' என்பதால் இன்னும் நல்ல கேள்வி. ஒடியோலையை, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, பிறகு முகத்தின் நீளத்தை அலகாகக் கொள்ளும் தாள அளவுப்படி மடித்துப் பகுக்கிறார்கள். ஒன்பது தாளம் கொண்ட நவதாளத்தில் மொத்தம் 108 அங்குலம் என்றால், அந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. அந்தச் சிலையின் உயரத்தில் 108-இல் ஒரு பங்கு. சிலை சாண் உயரமானாலும் ஆள் உயரமானாலும் முகத்துக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் மாறாது.

செயலியில் அதற்கு இணையானவை விழுக்காடும் 'வெயிட்' என்னும் பங்கீடும்தான். டிபி முதல் விடையில் சொன்ன கோல் போன்றது: திரை பெரிதானால் டிபி பெரிதாவதில்லை, டிபிகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள், எல்லாவற்றையும் விழுக்காட்டில் எழுதிவிட்டு, பத்து அங்குல டேப்லட்டில் உள்ளங்கையளவு பொத்தானைக் கண்டு திகைக்கிறார்கள். சிலை பெரிதானால் விரலும் பெரிதாக வேண்டும். திரை பெரிதானால் பயன்படுத்துபவரின் விரல் பெரிதாவதில்லை. எனவே பத்திகளின் அகலத்தைப் பங்கீட்டில் வையுங்கள், தொடும் பொருள்களை டிபியில் வையுங்கள். மிகச் சிறிய அகலம் 600 டிபியைத் தாண்டினால் இரு பத்திகளாகப் பிரிப்பது வழக்கம். ஏழு அங்குல டேப்லட் தொடங்கும் இடம் ஏறத்தாழ அதுதான்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்:

என் கைபேசி 1080 பிக்சல் அகலம். ஆனால் நான் எழுதிய இணையப் பக்கம் அகலத்தை 360 என்று காட்டுகிறது. மீதி 720 எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் சொல்லும் பிக்சல், திரையின் புள்ளி அன்று. அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு என்று வகுக்கப்பட்ட ஓர் அலகு. உங்கள் கைபேசியில் அது ஒவ்வொன்றும் மும்மூன்று புள்ளிகளால் வரையப்படுகிறது. டிவைஸ்பிக்சல்ரேஷியோ என்பதைக் கேட்டால் 3 என்று சொல்லும். பக்கத்தைக் கைபேசியின் அகலத்துக்கே அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரியை மட்டும் மறக்காதீர்கள். அது இல்லையெனில் உலாவி பக்கத்தை 980 அகலம் என்று எண்ணி எல்லாவற்றையும் சிறுக்கிவிடும்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்:

ஐபோனிலும் டிபி உண்டா?

பதில்: அங்கே அதன் பெயர் பாயிண்ட். 2007-இல் வந்த முதல் ஐபோன் 320 × 480, அங்குலத்துக்கு 163 பிக்சல். அதில் ஒரு பாயிண்ட் ஒரு பிக்சல். 2010-இல் ஐபோன் 4 அதே 3.5 அங்குலத்தில் 640 × 960 என்று வந்தபோது, பழைய செயலிகள் கெடாமலிருக்க ஒரு பாயிண்ட் இரண்டு பிக்சலானது. இன்று ஒரு பாயிண்டுக்கு மூன்று பிக்சலாக இருப்பதும் உண்டு. தொடும் பொருளுக்கு 44 பாயிண்ட் என்பது ஆப்பிளின் அளவு. இரு தளங்களுக்கும் ஒருசேரச் செயலி எழுத உதவும் ஃப்ளட்டரில் எழுதினால் இரண்டுக்கும் பொதுவாக 'லாஜிக்கல் பிக்சல்' என்ற ஒன்றே போதும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர்:

அப்படியானால் பிக்சலைத் தொடவே கூடாதா?

பதில்: தொடத்தான் வேண்டிவரும். கேன்வாஸில் நீங்களே வரையும்போதும், விரல் பட்ட இடத்தை இயங்குதளம் தெரிவிக்கும்போதும் வருவன எல்லாம் வெறும் பிக்சல்கள். பல ஆண்டுகளுக்கு முன் கையொப்பம் வாங்கும் பெட்டி ஒன்றை எழுதினேன். விரல் 20-க்கும் குறைவாக நகர்ந்தால் அதைத் தற்செயல் நடுக்கம் என்று எண்ணி விட்டுவிடும்படி செய்திருந்தேன். என் பழைய கைபேசியில் ஒழுங்காக ஓடியது. அடர்த்தி கூடிய கைபேசி ஒன்றில் ஒவ்வொரு நடுக்கமும் கோடாகி, கையொப்பம் கம்பளிப்பூச்சியாக நெளிந்தது. அந்த 20-ஐ டிஸ்ப்ளேமெட்ரிக்ஸ் தரும் அடர்த்தி மடங்கால் (480 அடர்த்திக்கு 3) பெருக்கியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் புதிய திரை அமைப்பு முறையான காம்போஸில் எழுதுபவர்களுக்கு லோக்கல்டென்சிட்டி அதே வேலையைச் செய்யும்.

பிக்சலை விரும்பியே பயன்படுத்தும் இடமும் ஒன்று உண்டு. பட்டியலில் வரிகளைப் பிரிக்கும் மெல்லிய கோட்டை 1 டிபி என்று வைத்தால் 480 அடர்த்தியில் அது மூன்று பிக்சல் தடிமனாகிவிடும். மயிரிழைக் கோடுதான் வேண்டுமென்றால் அங்கே 1 பிக்சல் என்றே எழுதுங்கள்.